மரப்பலகையில் ஒரு நாற்சார் வீடு



பனிக்கால விடுமுறை வந்துவிட்டால் எமது வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே கால் வைக்க முடியாத குளிர். உள்ளே பிள்ளைகள் ஆளுக்கொரு திரையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில். அம்மம்மா யன்னலோரம். அப்பா இரவு வேலை முடித்து வந்து தூக்கத்தில். ஒரே வீட்டுக்குள் நான்கு தனி வீடுகள்.

இந்த நிலையை மாற்ற ஏதாவது செய்யலாமா என்றுதான் எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் நாங்கள் சிலர் கூடிப் பேசினோம். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மேசையில் இருந்து கையால் செய்யக்கூடிய ஒரு பொருள் வேண்டும். கடைகளில் பொருத்துப் புதிர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பதெல்லாம் கோட்டைகள், பனிமனிதர்கள், வெளிநாட்டுப் பண்ணை வீடுகள். ஒரு துலாக் கிணறு இல்லை. ஒரு சங்கடப்படலை இல்லை. ஒரு தமிழ் எழுத்துக் கூட இல்லை.

"அப்ப நாங்களே செய்வம்" என்றார் ஒரு தாயார். எப்படிச் செய்வது? எமது பகுதிப் பொது நூலகத்தில் ஒரு பட்டறை அறை இருப்பதும், அதில் லேசர் வெட்டி என்றொரு இயந்திரம் இருப்பதும், அங்கத்துவ அட்டை உள்ள எவரும் பயிற்சி பெற்றபின் அதைப் பயன்படுத்தலாம் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. எட்டு மாதங்களாக நாங்கள் பட்ட பாட்டையும் படித்த பாடத்தையும் இக்கட்டுரையில் எழுதுகிறோம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்பது எமது நம்பிக்கை.

ஒளியால் வெட்டும் வாள்

லேசர் ஒளியை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன். 1960 மே 16ஆம் நாள், ஒரு செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு அதைச் செய்தார். ஆனால் நூலகப் பட்டறைகளில் மரம் வெட்டும் இயந்திரத்துக்குள் பெரும்பாலும் இருப்பது வேறொரு வகை. அது காபனீரொட்சைட்டு வாயு லேசர். அதை 1964இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல், மகாராட்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்தவர். நம் பக்கத்து நாட்டில் பிறந்து அமெரிக்கா போன ஒருவரின் கண்டுபிடிப்புத்தான் இந்த இயந்திரத்தின் இதயம் என்று சொன்னதும், பயிற்சிக்கு வந்த எமது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இயந்திரம் வேலை செய்யும் முறை எளிது. குழாயிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கதிரைச் சில கண்ணாடிகள் திருப்பி அனுப்புகின்றன. கடைசியில் ஒரு வில்லை அதை ஊசிமுனையளவு புள்ளியாகக் குவிக்கிறது. சிறுவயதில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சருகு எரித்திருக்கிறோமே, அதே வித்தைதான். அந்தப் புள்ளி பட்ட இடத்தில் மரம் ஆவியாகிப் போகிறது. கணனியில் நாம் கீறிய கோடு எப்படிப் போகிறதோ, அப்படியே அந்தப் புள்ளியும் போகும். மெதுவாகவும் பலமாகவும் போனால் பலகை இரண்டாகும். வேகமாகவும் மெலிதாகவும் போனால் மேலே எழுத்தோ படமோ பதியும். ஒரே இயந்திரம் வாளாகவும் எழுத்தாணியாகவும் வேலை செய்கிறது.

இத்தகைய பொதுப் பட்டறைகள் இன்று பல நாடுகளில் உண்டு. சிக்காகோ நகரின் ஹரோல்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2013இல் திறந்தார்கள். ஹெல்சிங்கியில் 2018இல் திறந்த ஊடி நூலகத்தில் லேசர் வெட்டியும் தையல் இயந்திரங்களும் ஒரே தளத்தில் இருக்கின்றன. மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நீல் கேர்சன்ஃபெல்ட் தொடக்கிவைத்த 'ஃபப் லாப்' என்ற பட்டறைகளில் மிக முந்தியவற்றுள் ஒன்று, பூனாவுக்குப் பக்கத்தில் பாபல் என்ற கிராமத்தில் 2002இல் அமைந்தது. நோர்வேயின் வடகோடியில் லிங்கன் என்ற இடத்து ஆட்டுப் பண்ணைக்காரரிடமும் அத்தகைய பட்டறை ஒன்று உருவானது. ஆகவே இது பெரிய பொறியியலாளருக்கான இடம் என்று தயங்க வேண்டியதில்லை. உங்கள் நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். பாஷை போதாது என்று பின்வாங்கவும் வேண்டாம். அங்கே பேச்சைவிடக் கைதான் அதிகம் பேசும்.

ஏழு தீவுகளும் ஒரு சண்டையும்

முதலில் நாங்கள் செய்யப் புறப்பட்டது ஒரு தேசப்படப் புதிர். அதற்கும் ஒரு கதை உண்டு. பொருத்துப் புதிர் என்ற விளையாட்டே தேசப்படத்தில்தான் தொடங்கியது. 1760களில் இலண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பெரி என்ற படச் செதுக்குநர், தேசப்படத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே வாளால் அறுத்து, பூமிசாஸ்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு விற்றார். இன்று நாம் காணும் கொக்கி போன்ற பூட்டுகள் அக்காலத்தில் பரவலாக இல்லை. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

நாங்கள் எடுத்தது யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவகத்தையும். சப்த தீவுகள் என்று சொல்வோமே, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. பட்டியலை வாசித்து முடிக்கவில்லை, கூட்டத்தில் இருந்த மண்டைதீவுக்காரர் எழுந்துவிட்டார். "அப்ப நாங்கள் எங்கை போறது, கடலுக்கையோ?" அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. முடிவில் மண்டைதீவும் ஒரு துண்டாயிற்று. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கள் தகப்பன்மார் ஒரு தீவுக்காக இப்படிச் சண்டை பிடிப்பார்கள் என்று அவர்கள் அதுவரை அறியவில்லை.

அதன் பிறகு வந்தது உண்மையான சிக்கல். படத்தை அளவு மாறாமல் பலகையில் வைத்தால் வேலணை உள்ளங்கையளவு வருகிறது. எழுவைதீவோ சுண்டுவிரல் நகமளவு. அப்படியொரு துண்டு காணாமற் போகும், அல்லது தவழும் குழந்தையின் வாய்க்குள் போகும். தீவைப் பெரிதாக்கினால் படம் பொய்யாகிவிடும். என்ன செய்வது? பல நாள் யோசித்தபின் ஒரு பல்கலைக்கழக மாணவி வழி சொன்னாள். தீவின் கரையோரமாக வெட்ட வேண்டாம். தீவைச் சுற்றிக் கொஞ்சக் கடலையும் சேர்த்து ஒரு துண்டாக வெட்டுவோம். கரையைப் பதிவுக் கோடாக மட்டும் காட்டுவோம். அப்படியே செய்தோம். இப்போது எழுவைதீவு தன் கடலோடு கைக்கு அடக்கமாக இருக்கிறது.

இதில் நாங்கள் விட்ட முதற் பிழையையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கீறிப் பக்கத்தில் வைத்தோம். இரண்டு துண்டுகளுக்கும் பொதுவான எல்லையில் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. இயந்திரம் அதே இடத்தில் இரண்டு முறை ஓடியது. ஓரமெல்லாம் கரி, துண்டுகள் கலகலவென்று ஆடின. பொருத்துப் புதிரில் எல்லைக் கோடு ஒன்றுதான் இருக்க வேண்டும். இருவர் வளவுக்கும் ஒரே வேலி என்று நினைத்துக்கொள்ளுங்கள், மறக்க மாட்டீர்கள்.

விழுந்துபோன குற்றுகள்

இரண்டாவது முயற்சி எழுத்துப் புதிர். 'அம்மா' என்று பெரிய எழுத்தில் கீறி, எழுத்தையே வெட்டி எடுப்போம் என்று தொடங்கினோம். நூலகக் கணனியில் திறந்தபோது எழுத்தே இல்லை, வெறும் பெட்டி பெட்டியாக நிற்கிறது. அந்தக் கணனியில் தமிழ் எழுத்துரு இல்லை. வீட்டுக் கணனியிலேயே எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிச் சேமித்துக்கொண்டு போக வேண்டும் என்பதை அன்று படித்தோம். கோடாக மாறிய எழுத்து எங்கே போனாலும் மாறாது.

அடுத்த தடவை எழுத்து சரியாக வந்தது. வெட்டி முடித்து மூடியைத் திறந்தால், 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அமமா' கிடக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்பதால், அது வெட்டுப்பட்டு அடித்தட்டுக்குள் விழுந்துவிட்டது. ஆங்கில எழுத்துக்குச் செய்யும் முறையை அப்படியே தமிழுக்குச் செய்ய முடியாது என்பது விளங்கியது.

அதிலிருந்துதான் எமது உயிர்மெய்ப் புதிர் பிறந்தது. பதினெட்டு மெய்களும் பன்னிரண்டு உயிர்களும் சேர்ந்து 216 உயிர்மெய்கள் என்று நாம் பாடமாக்கினோம். அதைக் கையால் பூட்டிக் காட்ட முடியுமா? இருந்து எண்ணிப் பார்த்தோம். கி, கீ, கு, கூ போன்றவற்றில் உயிரின் குறி மெய்யோடு ஒட்டிப்போகிறது. உகரத்தில் எழுத்துக்கு எழுத்து வடிவமே மாறுகிறது. அவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற ஏழு வரிசைகளில் குறி தனியாக நிற்கிறது. இன்னும் பார்த்தால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, அரவு, ஔகாரத்தின் கடைசியில் வரும் ளகரம் போன்ற குறி என ஐந்தே துண்டுகளால் அந்த ஏழு ஒலிகளும் வந்துவிடுகின்றன. அகர எழுத்துப் பலகை பதினெட்டு, குறித் துண்டு ஐந்து. இவற்றால் 126 எழுத்துகளைப் பூட்டலாம். புள்ளியையும் ஒரு சிறு பலகையில் பதித்து, தலைமேல் வைக்கக் கொடுத்தோம்.

ஒலி பின்னால் கேட்டாலும் கொம்பு முன்னால் வரும் என்பது இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு என்றைக்கும் குழப்பம். 'கொ' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பதைக் கையால் பூட்டிப் பார்த்தபின் ஒரு ஆறு வயதுச் சிறுமி சொன்னாள்: "கானாவை ரெண்டு பேர் கையிலை பிடிச்சுக் கொண்டு போகினம்." இதைவிட நல்ல இலக்கண விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

அன்று வந்திருந்த அப்பப்பா ஒருவர், "எங்கடை காலத்திலை ணை, லை, ளை, னை எல்லாம் வேறை மாதிரி எழுதுவம்" என்று கடதாசியில் கீறிக் காட்டினார். 1978இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்த வடிவங்கள் வழக்கொழிந்தன. அவர் கீறியதையும் ஒரு பலகையில் பதித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

விழுந்த வீடுகள்

மூன்றாவதுதான் பெரிய வேலை. ஒரு நாற்சார் வீடு. பூட்டிக் கட்டக்கூடிய மாதிரி வீடாக, நடுமுற்றம், விறாந்தை, தலைவாசல், குசினி, துலாக் கிணறு, சங்கடப்படலை எல்லாவற்றோடும்.

யாருடைய வீடு? எமது குழுவில் ஒருவரின் தாயார் வலிகாமம் வடக்கில் இருந்தவர். 1990இல் இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டு வந்த வீட்டை அவர் பிறகு காணவில்லை. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய ஞாபகம்தான் எமது வரைபடம். எத்தனை அடி என்று கேட்டால் தெரியாது. "குசினியிலையிருந்து கிணத்தடிக்கு முப்பத்தாறு எட்டு, வாளியோடை எண்டால் நாப்பது" என்பார். அதைக்கொண்டு கீறினோம்.

கணனியில் கீறியவர் இங்கே வளர்ந்த இளைஞர். முதற் படத்தை அம்மம்மாவிடம் காட்டினார்.

"நடுவிலை ஏன் ராசா மூடிக் கிடக்கு?"

"கூரை அம்மம்மா. இல்லாட்டி மழை உள்ளுக்கு வருமே?"

"வரத்தானே வேணும்!"

நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து, மழை நடுமுற்றத்தில் கொட்டும் என்பதையும், அந்தத் தண்ணீர் வெளியே போக ஒரு பீலி உண்டு என்பதையும், முதல் மழைக்குப் பிள்ளைகள் அங்கே நின்று குளிப்பதையும் அவர் சொல்லச் சொல்ல, இளைஞர் கூரையை அழித்துத் திரும்பக் கீறினார். பனி விழும் ஊரில் வளர்ந்தவருக்கு வீட்டின் நடுவே வானம் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

வரைபடம் சரியானது. தமிழ்ப் பாடசாலை விழாவில் வடையும் றோல்சும் விற்று வந்த காசில் ஒட்டுப்பலகை வாங்கினோம். பலகைக் கடையில் மூன்று மில்லிமீற்றர் என்றார்கள். பூட்டு வாய்களையும் மூன்று மில்லிமீற்றராகவே கீறியிருந்தோம். சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற பொறுமை எங்களுக்கு இருக்கவில்லை. இரண்டு மாலைகளாக இருபது வீடுகளுக்குரிய துண்டுகளையும் ஒன்றாக வெட்டி முடித்தோம். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் பூட்டினால், சுவர் நிற்கவில்லை. ஒன்றை நிமிர்த்தினால் மற்றது சரிகிறது. மேசையில் கை பட்டதும் வீடு முழுவதும் தட்டையாக விழுந்தது. இருபது வீடும் அப்படித்தான்.

சிரித்தவர்களும் உண்டு. அம்மம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் யன்னலோரம் இருந்துவிட்டார். அன்று நாங்கள் பட்ட வெட்கத்தை இங்கே எழுத முடியாது.

கழுந்தும் துளையும்

அன்றைக்கு மண்டபத்தின் பின் வரிசையில் ஒருவர் இருந்தார். மனைவி பிள்ளைகளோடு இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம். ஊரில் இருபது வருடம் தச்சு வேலை. இங்கே இரவில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. ஆயுதப் பெட்டியைக் கொண்டுவர முடியவில்லை. முதலில் நாங்கள் உதவி கேட்டபோது, "எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது தம்பியவை" என்று ஒதுங்கிக் கொண்டவர்.

அவருடைய மூத்த மகனுக்குப் பத்து வயது. புதிதாக வந்த பல குடும்பங்களில் நடப்பதுதான் அங்கும். வைத்தியரிடம் போனாலும், கடிதம் வந்தாலும், பாடசாலையில் பெற்றோரைக் கூப்பிட்டாலும் பேசுவது பிள்ளை. தகப்பன் பக்கத்தில் நிற்பார். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் அது நல்லதல்ல என்று எல்லாருக்கும் தெரியும், வேறு வழிதான் தெரியாது.

அவர் எழுந்து வந்து விழுந்து கிடந்த துண்டுகளில் இரண்டை எடுத்தார். ஒன்றை மற்றதன் வாய்க்குள் வைத்து ஆட்டினார். நகத்தால் ஓரத்தைத் தடவினார்.

"மரத்தை அளந்தனீங்களோ?"

"கடையிலை மூண்டு மில்லிமீற்றர் எண்டு சொன்னவங்கள், அண்ணை."

"கடைக்காரன் சொல்லுவான். மரம் என்ன சொல்லுது? மரத்தை அளக்காமல் வாய் வெட்டலாமோ?"

வேணியர் இடுக்கியால் அளந்தோம். பலகை 2.8 மில்லிமீற்றர்தான். ஒரே பலகையில் ஓரிடத்துக்கு ஓரிடம் சிறு வித்தியாசமும் இருந்தது. அதோடு லேசர் தானும் கொஞ்ச மரத்தைத் தின்கிறது. எமது இயந்திரத்தில் அது 0.2 மில்லிமீற்றர். மூன்று என்று கீறிய வாய் வெட்டியபின் 3.2 ஆகிவிட்டது. 2.8 கழுந்துக்கு 3.2 துளை. வீடு எப்படி நிற்கும்?

"வாள் தின்னுறதையும் கணக்கிலை பிடிக்க வேணும். எங்கடை வாளுக்கும் அதுதான், உங்கடை வெளிச்ச வாளுக்கும் அதுதான்" என்றார் அவர். கணனியைத் தொடாமலேயே முழுக் கணக்கையும் சொல்லிவிட்டார். பலகையின் தடிப்பிலிருந்து லேசர் தின்னும் அளவைக் கழிக்க வேண்டும். 2.8இல் 0.2 போனால் 2.6. வாயை 2.6 என்று கீறினால் வெட்டியபின் 2.8 ஆகி மரத்துக்குச் சரியாக நிற்கும்.

அத்தோடு அவர் விடவில்லை. சீப்புப் போல ஒரு சோதனைத் துண்டு வெட்டச் சொன்னார். 2.4, 2.5, 2.6, 2.7, 2.8 என்று ஐந்து வாய்கள். ஒவ்வொன்றிலும் பலகையைச் செருகிப் பார்த்தார். 2.4 உள்ளே போகவில்லை. 2.5 இறுக்கம். "பெரியாக்களுக்கு இது சரி. சின்னனுகள் கழட்டிப் பூட்ட வேணுமே, 2.6 போதும்" என்றார். கழுந்தின் முனைகளைச் சிறிது சரிவாக்கினால் பிள்ளைகள் இலகுவாகச் செருகுவார்கள் என்பதும் அவர் யோசனைதான்.

அடுத்த வியாழன் நூலகப் பட்டறைக்கு அவரையும் அழைத்துப் போனோம். மகனும் வந்தான். பட்டறைப் பொறுப்பாளர் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, இதை யார் கணக்கிட்டது என்று கேட்டார். மகன் தகப்பனைக் காட்டினான். அவர் கேட்க, இவர் சொல்ல, நடுவில் மகன் மொழிபெயர்த்தான். என்றைக்கும் செய்கிற வேலைதான். ஆனால் அன்றைக்குத் தெரிந்தவர் தகப்பன். மகனுக்கோ சொல் தட்டுப்பட்டது. "அப்பா, கழுந்து எண்டால் என்ன?" "சீவுளி எண்டால்?" "வரிச்சு எண்டால்?" ஒவ்வொன்றுக்கும் தகப்பன் கையால் காட்டி விளங்கப்படுத்தினார். ஒரு மணித்தியாலத்தில் அந்தப் பிள்ளை படித்த தமிழ்ச் சொற்கள் எமது பாடசாலையில் ஒரு தவணைக்குப் படிப்பிப்பதைவிட அதிகம்.

இப்போது ஒவ்வொரு வியாழனும் வேலைக்குப் போகுமுன் இரண்டு மணித்தியாலம் அவர் அங்கே நிற்கிறார். சம்பளம் இல்லை. அவருடைய தொழிலுக்கு இந்த நாட்டில் இன்னும் சான்றிதழும் இல்லை. அதற்கான பாஷைப் பரீட்சைக்குப் படிக்கிறார். பரீட்சைக்குத் தேவையான தச்சுச் சொற்களைப் பட்டறையில் மகனிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார். மகனின் கொப்பியில் தமிழ்ச் சொற்கள், தகப்பனின் கொப்பியில் இந்நாட்டுச் சொற்கள்.

செய்யப் புறப்படுவோருக்கு

எமது அனுபவத்தில் முக்கியமானவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. வரைவதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். வெட்டும் கோட்டுக்கு ஒரு நிறம், பதிக்கும் கோட்டுக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் கீறுங்கள். எந்த நிறம் எதற்கு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், முதலில் கேளுங்கள்.

2. முதலில் கடதாசி மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டிப் பூட்டிப் பாருங்கள். பிழையை மட்டையில் விடுவது மலிவு.

3. புதுப் பலகை வாங்கும் ஒவ்வொரு முறையும் பல இடங்களில் அளந்து, சோதனைத் துண்டு வெட்டுங்கள். போன முறை சரியாக வந்த அளவு இந்த முறையும் சரியாக வரும் என்று நம்ப வேண்டாம்.

4. பதிவை முதலில் செய்யுங்கள், பிறகு உள் துளைகள், கடைசியில் வெளி ஓரம். வெளி ஓரத்தை முதலில் வெட்டினால் துண்டு நழுவி உள் துளைகள் இடம் மாறிவிடும்.

5. வெட்டுமுன் பலகையின் மேல் கடதாசி ஒட்டுநாடா ஒட்டினால் புகைக் கறை பிடிக்காது.

6. துலா போன்ற அசையும் உறுப்புக்கு மூங்கிற் குச்சி நல்ல அச்சாகும். துளை குச்சியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், அல்லது துலா ஆடாது.

7. பீ.வி.சீ. பிளாஸ்ரிக்கையோ வினைல் போலித் தோலையோ ஒருபோதும் வெட்டாதீர்கள். எரியும்போது வரும் ஐதரசன் குளோரைட்டு வாயு நெஞ்சையும் இயந்திரத்தையும் அரிக்கும். என்ன பொருள் என்று தெரியாத எதையும் உள்ளே வைக்க வேண்டாம்.

8. இயந்திரம் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அது நெருப்பு. தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில் பிடித்துவிடும்.

9. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீடானால் சிறு துண்டுகளில் கவனம். இதைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கலாம்.

விற்று நாலு காசு பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விளையாட்டுப் பொருள் விற்க சீ.ஈ. குறியும் அதற்கான சோதனைகளும் தேவை. மற்ற நாடுகளிலும் இப்படிச் சட்டங்கள் உண்டு. அதைவிட முக்கியம், வேலை அனுமதி இன்னும் கிடைக்காதவர்களும் அரச உதவிப் பணம் பெறுபவர்களும் ஒரு சதம் வாங்குமுன் தமது சட்டத்தரணியிடமோ பொறுப்பான அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். ஒரு சின்ன மரவீட்டுக்காக இருக்கிற வீட்டுக்குச் சிக்கல் வரக்கூடாது.

முடிவாக

திரும்ப வெட்டிய வீடு நின்றது. முதலாவதை அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேரப்பிள்ளைகள் மூவரும் கம்பளத்தில் இருந்து அவர் சொல்லச் சொல்லப் பூட்டினார்கள். இது தலைவாசல், இது சாமி அறை, இது நெல் வைக்கிற அறை. முற்றத்துக்கு வந்ததும் கடைசிப் பேரன் தன் விரலை மேலிருந்து உள்ளே விட்டு, "இதாலைதான் மழை வாறதோ?" என்றான்.

அம்மம்மா வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களுக்குச் சோதனை எழுதிய பிள்ளைகள் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் குசினிக்குப் பின்புறம் விரலை வைத்தார்.

"எல்லாம் சரி. இதிலை ஒரு முருங்கை நிண்டது. அதை விட்டிட்டியள்."

பேரன் கடதாசியும் பென்சிலும் எடுத்து வந்தான். அவர் எப்படிச் சாய்ந்து நின்றது என்று சொல்ல, அவன் கீறினான். வரும் வியாழன் அதை வெட்டப் போகிறோம்.

வரைபடங்கள் தமிழ்ப் பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கும். விரும்பும் குடும்பங்கள் சனிக்கிழமைகளில் வந்து பெற்றுக்கொள்ளலாம். உங்கள் ஊர் வீட்டில் வேறு மாதிரி இருந்தால் வந்து சொல்லுங்கள். தச்சு, கொத்து, ஓடு வேய்தல் தெரிந்தவர்கள், கணனி தெரியாது என்று பின்வரிசையில் இருந்துவிடாமல் முன்னுக்கு வாருங்கள். முக்கியமாக, வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வீடு எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய அம்மம்மாமாரையும் அப்பப்பாமாரையும் அழைத்து வாருங்கள். பலகை எங்களிடம் இருக்கிறது.